அசல் உங்கள் பீரோவில் எதற்கு?

வளைகுடா நாடுகளில் இந்தியப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தினருக்கும், அந்தப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆசிரியர்களை அனுப்பும் முகவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் இந்த மடல். நீங்கள் வேலைக்கு எடுக்கும் ஆசிரியரின் பட்டச் சான்றிதழ், அதுவும் அசல், உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருந்தாக வேண்டும்? நேர்காணலில் தொடங்கி விசா, பணியில் சேருதல், ஒப்பந்தம் முடிதல் வரை ஒவ்வொரு கட்டமாக எண்ணிப் பாருங்கள். பள்ளிக்குத் தேவைப்படுவது பத்து நிமிடம். முகவருக்குத் தேவைப்படுவது, சான்றொப்பத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அது போய்வரும் நாட்கள் மட்டும். நடப்பதோ வேறு. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பீரோவில் கிடக்கிறது. கேட்டால், "ஊருக்குப் போகும்போது வாங்கிக்கங்க" என்று பதில்.

நாங்கள் சென்னையிலிருந்து, வெளிநாடு செல்லும் ஆசிரியர்களின் சான்றிதழ்க் கோப்புகளைத் தயார் செய்து கொடுப்பவர்கள். எந்தப் பள்ளியின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. உங்களில் முறையாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

நேர்காணலுக்கு அசல் வேண்டவே வேண்டாம். சென்னையில் ஓட்டல் அறையில் நேர்காணல் நடத்தும்போது அசலைப் புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை. பார்த்துவிட்டு மேசை மேலேயே திருப்பி வைத்துவிடுங்கள். "செலக்ட் ஆயிட்டீங்க, ஒரிஜினல் எல்லாத்தையும் கொடுத்துட்டுப் போங்க" என்பது அந்த இடத்தில் வரவே கூடாத வாக்கியம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கும் ஸ்கேன் பிரதி போதும்.

அசல் உண்மையிலேயே கைமாற வேண்டிய ஒரே கட்டம் சான்றொப்பம்தான். பேச்சுவழக்கில் அட்டெஸ்டேஷன். தவறுகள் குவிவதும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு முந்தைய அலுவலகத்தின் கையெழுத்தை மட்டுமே உறுதி செய்கிறது. பல்கலைக்கழகம் பட்டத்தின் உண்மைத்தன்மையைச் சொல்கிறது. அதன்மேல் மாநில அரசு. அதன்மேல் இந்திய வெளியுறவு அமைச்சகம். அதற்கு மேல் போகும் நாட்டைப் பொறுத்தது. ஓமன் 2012 முதலும், பஹ்ரைன் 2013 கடைசியிலிருந்தும், சவூதி அரேபியா 2022 டிசம்பரிலிருந்தும் 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. அபோஸ்டில் என்ற ஒரே சான்றை உறுப்பு நாடுகள் தூதரக முத்திரை கேட்காமல் ஏற்றுக்கொள்வதுதான் அந்த உடன்படிக்கை. இந்தியாவில் அது 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இந்த மூன்று நாடுகளுக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் ஸ்டிக்கரோடு இந்தியப் பக்கத்து வேலை முடிந்தது. தூதரக முத்திரை தேவையில்லை. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை அந்த உடன்படிக்கையில் இல்லை. அவற்றுக்கு அமைச்சகத்தின் சான்றொப்பம், பிறகு அந்த நாட்டுத் தூதரகம், பிறகு அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். சவூதிக்குப் போகும் சான்றிதழுக்கு இன்றும் தூதரகக் கட்டணம் என்று ஒரு தொகையைப் போட்டுக் கேட்கும் முகவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. அபோஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். அமைச்சகம் நியமித்த சேவை மையத்தின் கட்டணம் தனி. மீதி எதற்கு என்பதை ரசீதில் பிரித்து எழுதிக் கொடுங்கள்.

இத்தனை முத்திரையும் எங்கே விழுகிறது? சான்றிதழின் பின்பக்கத்தில். அமீரகம் போய்வந்த ஒரு பி.எட். பட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். மாநில அரசின் வட்ட முத்திரை, அதன்மேல் சாய்ந்த ஒரு கையெழுத்து, பக்கத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, கீழே தூதரகத்தின் ஸ்டிக்கர், ஓரத்தில் அரபியில் இன்னொன்று. அபோஸ்டில் என்றால் 1 முதல் 10 வரை எண்ணிட்ட விவரங்கள் கொண்ட, பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு சதுரம். அதிலுள்ள சான்று எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். கட்டணமும் நாட்களும் அலைச்சலும் சேர்ந்து அந்தப் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. சான்றிதழ் தொலைந்தால் பல்கலைக்கழகம் நகல் பட்டம் கொடுக்கும்; பின்பக்கத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள். நகல் பட்டத்துக்குச் சங்கிலியை முதல் அலுவலகத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் முகவர்கள் செய்யும் சில காரியங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கட்டாக வாங்குவது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆறு பருவ மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகச் சான்றிதழ், டி.சி., பட்டம், பி.எட். எல்லாம் ஒரே உறையில். முத்திரை விழப்போவது பெரும்பாலும் இரண்டில்தான்: பட்டமும் பி.எட். பட்டமும். சில நேரம் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல். பத்தாம் வகுப்புப் பட்டியலை எதற்கு வாங்குகிறீர்கள்? தமிழ்நாட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் என்று அந்த ஆசிரியர் எங்கே போனாலும் முதலில் நீட்ட வேண்டிய தாள் அது. அது இல்லாமல் ஊரில் ஒரு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக்கூடப் போக முடியாது. அதனால்தான் வாங்குகிறீர்கள் என்று நினைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

இரண்டாவது, குறுக்குவழி. மாநில அரசின் சான்றொப்பத்துக்கு நாளாகும் என்று சான்றிதழை டெல்லிக்கு அனுப்பி அங்கே ஒரு உட்கோட்ட நிர்வாக நடுவரின் (எஸ்.டி.எம்.) முத்திரையைக் குத்தி வாங்கி வருவது. சில காரியங்களுக்கு அது போதும். ஆசிரியர் வேலைக்கு, நம் பட்டம் தங்கள் நாட்டுப் பட்டத்துக்குச் சமமா என்று பார்க்கும் நாடுகள் மாநிலத்தின் கல்விச் சான்றொப்பத்தைத்தான் கேட்கும். அங்கே போய்த் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, பின்பக்கத்தில் பாதி இடத்தைப் பயன்படாத முத்திரைகள் அடைத்துக்கொண்டிருக்கும். எந்த வழியாகப் போகிறது என்று உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லாமல் சான்றிதழை நகர்த்தாதீர்கள்.

மூன்றாவது, போலி முத்திரை. இதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. பிடிபடும்போது முகவர் சென்னையில் இருப்பார். மோசடி வழக்கில் நிற்பது அங்கே இருக்கும் ஆசிரியர்.

நான்காவது சின்ன விஷயம், ஆனால் எங்களை அதிகம் கோபப்படுத்துவது. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயராக இருக்கும், சான்றிதழில் ‘எஸ். மீனா’ என்று ஒற்றை எழுத்தோடு இருக்கும். தமிழ்நாட்டு ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கு உள்ள சிக்கல் இது. இதற்கு வழி, இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம். அசல் சான்றிதழில் பேனாவால் தந்தை பெயரை ‘விரித்து’ எழுதுவது அல்ல. முகப்பில் ஒரு சொட்டு மை கூடினாலும் அது திருத்தப்பட்ட சான்றிதழ் ஆகிவிடும்.

இனி ஒப்புகைச் சீட்டு. அசலை வாங்கும் எவரும் அதே இடத்தில் ஒப்புகை எழுதித் தர வேண்டும். ‘சான்றிதழ்கள் பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒற்றை வரி ஒப்புகை ஆகாது. இப்படி இருக்கட்டும்: "இளங்கலைக் கல்வியியல் பட்டச் சான்றிதழ், அசல் 1. பல்கலைக்கழகத்தின் பெயர், பதிவு எண், சான்றிதழின் வரிசை எண் இன்னின்ன. மடிப்பு, கிழிசல், கறை இல்லை, லேமினேஷன் இல்லை. பின்பக்கத்தில் முத்திரை ஏதும் இல்லை. அமீரகத் தூதரகச் சான்றொப்பம் பெறுவதற்காக மட்டும் பெறப்பட்டது. இன்ன தேதிக்குள் உரியவரிடம் நேரில் திருப்பித் தரப்படும். பணம் ஏதேனும் பாக்கி இருந்தாலும் சான்றிதழ் நிறுத்திவைக்கப்படாது." கீழே பெயர், கையெழுத்து, நிறுவன முத்திரை, தேதி. கடைசி வாக்கியத்தைப் படித்ததும் பேனாவை மூடுகிறவர்கள் யார் என்று பார்த்தால், ஆசிரியருக்கு அங்கேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பாக்கிக்காகப் பிடித்துவைப்பது பற்றி ஒரு வார்த்தை. "அட்டெஸ்டேஷன் செலவு நாங்க போட்டிருக்கோம், கட்டிட்டு எடுத்துக்கங்க" என்பது சட்டப்படி செல்லும் என்று பலர் நம்புகிறீர்கள். கட்டணம் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் கோப்பை வழக்கறிஞர் பிடித்துவைக்க முடியாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றுக் காசாக்கக்கூடிய சரக்கின் மேல்தான் பிடிமான உரிமை. வழக்குக் காகிதம் சரக்கல்ல என்பது அங்கே சொன்ன காரணம். அடுத்தவரின் பட்டத்தை நீங்கள் எந்தச் சந்தையில் விற்பீர்கள்? முகவர் ஒருவர் ஆசிரியரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் இந்தியக் குடிபெயர்வு விதிகளில் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும். பதிவு பெற்ற முகவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பள்ளிகளுக்கு. முன்னே சொன்ன பத்து நிமிடம் இதுதான். ஆசிரியர் வந்து சேர்ந்த அன்று, அலுவலக எழுத்தர் அசலையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பெயர், பதிவு எண், வரிசை எண், பின்பக்க முத்திரைகள். முன்னும் பின்னும் வண்ணத்தில் ஸ்கேன் எடுக்கிறார். பிரதியில் ‘அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போடுகிறார். அசல் ஆசிரியர் கைக்குப் போகிறது. பிரதி கோப்புக்குப் போகிறது. அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்திலோ கல்வித் துறையிலோ அசலையே காட்ட வேண்டியிருந்தால், ஆசிரியரை அன்றைக்கு ஒரு மணி நேரம் உடன் அனுப்புங்கள். அவரே கொண்டுபோய், அவரே கொண்டுவரட்டும்.

அசலை வைத்துக்கொள்ளும் பள்ளிகளில் அது எப்படி இருக்கிறது தெரியுமா? பஞ்ச் போட்டுக் கோப்பில் கோத்திருக்கிறது. இரண்டு ஓட்டையில் ஒன்று பல்கலைக்கழக முத்திரையின் விளிம்பில். அல்லது மூலையில் ஸ்டேப்ளர் பின், கடல் காற்றில் துருப்பிடித்து அடுத்த தாளிலும் பழுப்புக் கறை. அல்லது மலிவான பி.வி.சி. உறையில் செருகி, வெயிலில் உறை இளகி, லேசர் அச்சின் எழுத்து உறையோடு ஒட்டி உரிந்திருக்கிறது. பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

நீங்கள் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஜனவரியில், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது இயற்பியல் ஆசிரியர் சொல்லாமல் கிளம்பிவிட்டால் பள்ளிக்கு அது உண்மையான அடி. அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கான வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 33-ஆம் எண் தொழிலாளர் சட்டத்தில் முன்னறிவிப்புக் காலம் 30 நாளுக்குக் குறையாமல் 90 நாள் வரை வைக்கலாம். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதுங்கள். தகுதிகாண் காலத்திலேயே இன்னொரு பள்ளிக்குத் தாவினால், வேறு உடன்பாடு இல்லாதபோது, புதிய பள்ளி உங்கள் ஆள்சேர்ப்புச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தொழிலாளியின் அதிகாரபூர்வ ஆவணங்களை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரு கையில் உரிமையை எடுத்துக்கொண்டு மறு கையால் கடமையை மறைக்க முடியாது. கத்தாரில் கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பது 2015-ஆம் ஆண்டு 21-ஆம் எண் சட்டப்படி அபராதத்துக்குரியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குப் பதினொரு அடையாளங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. அடையாள ஆவணங்களையோ மதிப்புள்ள சொந்தப் பொருட்களையோ முதலாளி பிடித்துவைப்பது அதில் ஒன்று. செங்கல் சூளைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பட்டியல்தான்.

இன்னொன்று. அசலைப் பிடித்துவைத்து யாரையும் நிறுத்த முடிவதில்லை. போக முடிவு செய்தவர் போய்விடுகிறார். போக வழியில்லாதவர், மனமில்லாமல் வகுப்பில் நிற்கிறார். எந்தப் பள்ளி எதை வைத்துக்கொள்கிறது என்பது ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே வாரத்தில் பரவிவிடுகிறது. அடுத்த வருடம் உங்கள் நேர்காணலுக்கு நல்ல ஆள் வராததற்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

இந்த மடலை உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் சில வார்த்தைகள்.

சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். பஸ் நிலையத்துக் கடையில் பாசத்தோடு செய்து கொடுப்பார்கள். பிறகு அதில் முத்திரை மை ஒட்டாது, ஸ்டிக்கரைப் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்ட எந்த அலுவலகமும் சம்மதிக்காது. ஏற்கெனவே செய்துவிட்டால் நீங்களே உரிக்க வேண்டாம். எழுத்தும் சேர்ந்து வரும். பல்கலைக்கழகத்தில் கேட்டுப் புதிய பிரதிக்கு என்ன வழி என்று பாருங்கள். பாலிபுரோப்பிலீன் உறை போதும், மடிக்காமல், அட்டை வைத்த கோப்பில். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவையுங்கள். பயணத்தில் கைப்பையில் வரட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம்.

ஒவ்வொரு முத்திரை விழுந்த பிறகும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 300 டி.பி.ஐ. வண்ணத்தில் ஸ்கேன் எடுங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் 600. உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள், தேதிக்கு அது சாட்சி. மதிப்பெண் பட்டியல்கள் டிஜிலாக்கரில் கிடைக்கிறதா பாருங்கள். அதில் அரசு வழங்கும் ஆவணம் இந்தியாவுக்குள் அசலுக்குச் சமம் என்று 2017 முதல் விதி இருக்கிறது. தூதரகம் அதை ஏற்காமல் போகலாம், ஆனால் ஊரில் ஒரு அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

யாருக்குப் பிரதி அனுப்பினாலும் குறுக்கே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: ‘இன்ன பள்ளியின் ஆசிரியர் பணிக்காக மட்டும்’, தேதியோடு. இது வீண் சந்தேகமல்ல. 2024-இல் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளின் பணியாளர் பட்டியலில் இருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. உங்கள் சான்றிதழுக்கு, நீங்கள் இல்லாமலேயே ஒரு விலை உண்டு.

பள்ளியோ முகவரோ தர மறுத்தால், முதலில் எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சான்றிதழ், என்று கொடுத்தது, யாரிடம், எந்தத் தேதிக்குள் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் வரும் "தர்றோம் சார்" என்ற பதிலையும் படம் எடுத்து வையுங்கள். அவர்களிடம் இருக்கிறது என்பதற்கு அதுவே ஒப்புதல். பிறகு வெளிநாட்டில் அங்குள்ள தொழிலாளர் துறை, இந்தியத் தூதரகம், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளம். ஊரில் முகவர் என்றால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலர், காவல் நிலையம். நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தராமல் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவது நம்பிக்கை மோசடி ஆகலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆம் பிரிவு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிடித்துவைக்கப்பட்ட சான்றிதழைத் தொலைந்துவிட்டதாகக் காவல் துறையில் புகார் எழுதி, கண்டுபிடிக்க இயலவில்லை என்று சான்று வாங்கி, நகல் பட்டம் வாங்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். சுலபமான வழி மாதிரித் தெரியும். பொது ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தது அதே சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவில் குற்றம். அசலை வைத்திருப்பவர் ஒரு நாள் அதை எடுத்து மேசையில் போட்டால், குற்றவாளி நீங்கள்தான்.

நிர்வாகத்தினருக்கும் முகவர்களுக்கும் கடைசியாக. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் மார்ச்சோடு கல்வியாண்டு முடிகிறது. ஏப்ரலில் புதிய ஆசிரியர்கள் வருவதற்கு முன் அந்த பீரோவைத் திறந்து பட்டியல் எடுங்கள். பணியில் இருப்பவர்களுக்கு ஊதிய நாளன்று கையில் கொடுங்கள். விலகிப்போனவர்களுக்கு ஊர் முகவரி கேட்டு, கண்காணிப்பு எண் உள்ள கூரியரில், கனத்த அட்டைக்கு நடுவே, உங்கள் செலவில் அனுப்புங்கள். கொடுக்கும்போது பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டி முத்திரைகளை எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்துப் போட்ட தாளை வேண்டுமானால் பஞ்ச் போட்டுக் கோப்பில் கோத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சான்றிதழ்க் கோப்புகளைப் பார்த்துவரும் சிலர்,
சென்னை